பாக்கியம் கட்டிய என் சேலை

என் வியாதிக்கு டாக்டரம்மா இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் எழுதிவைத்திருந்தார். நான் அதற்கு வைத்திருந்த பெயர் பாக்கியம். பாக்கியம் என் கூடப்பிறந்த தங்கை. இதைக் கேள்விப்பட்டு அவள் சண்டைக்கு வந்தாலும் வரட்டும். மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தவள் என்று நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். உள்ளே வைத்து என்னதான் செய்தார்கள் என்று நேரில் கேட்க மட்டும் யாருக்கும் வாய் வராது. அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம். என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனிலிருந்து கிளேபாங் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்கு ஒரே பெண், அமுதா. ஒன்றரை வயசு. அவள் பிறந்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. சில நாள் விடியுமுன் எழுந்து வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவுவேன். சில நாள் பாயைவிட்டு எழுந்திருக்கவே முடியாது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன். அங்கே காய்ந்த துணியைப் பார்த்து எடுக்கப் போவேன். போனவள் கிணற்றடியில் எதற்கோ நிற்பேன். சோறு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் உலை ஞாபகம் வரும். இது சின்ன வயசிலிருந்தே உள்ள குணம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எனக்குக் காற்றாடி என்று பெயர் வைத்திருந்தார்.

ஆனால் பூட்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு வியர்ப்பது அமுதா பிறந்த பிறகு வந்தது. தபால்காரர் வந்தாலும் சரி, தெருவில் போலீஸ்காரர் நடந்தாலும் சரி, மாரை அடைத்துக்கொண்டு வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

பாடாங் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று எங்கள் தெரு வழியாக லாரி லாரியாக வாலிபர்கள் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு லாரி எங்கள் வீட்டு முனையில் நின்றது. ஆட்கள் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். அந்தக் கால் சத்தம்வரைதான் எனக்கு ஞாபகம். அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது பக்கத்து வீட்டுச் சிட்டி அக்காவின் முகம். சிட்டி மக்களுக்குச் சாமியும் கோயிலும் நம்முடையதுதான், பேச்சு மட்டும் மலாய். அந்த அக்கா எங்கள் சமையலறையில் விறகை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். விறகுக்குப் பின்னால் நான். என் மடியில் அமுதா. என் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.

அக்கா சத்தம் போடவில்லை. என் விரல்களைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தார். “சுடா, அடெக். ஓராங் சுடா பெர்கி,” என்றார். முடிந்தது தங்கச்சி, எல்லாரும் போய்விட்டார்கள் என்று அர்த்தம். நல்லவேளை, பிள்ளையின் மூக்கு அடைபடவில்லை. வாயை விட்டதும் வீறிட்டு அழுதாள். என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நீள பெஞ்சில் காய்ச்சல்காரர்களும் கால் வெட்டுப்பட்டவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பேர் எழுதுகிற கிராணி வந்து என்ன வியாதி என்று கேட்டபோது இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலைவலி என்றார். ரத்தம் எடுத்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள். முழங்காலை ரப்பர் சுத்தியலால் தட்டினார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அடுத்து நின்றவளுக்குப் படத்தில் எலும்பு முறிவு நன்றாகத் தெரிந்தது, அவள் வீட்டார் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். படத்தில் தெரிகிற வியாதி வந்தவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் பட்ட முதல் பொறாமை அது.

கடைசியில் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் படித்தவர். சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பேசவைத்தே சுகப்படுத்துகிற வைத்தியத்தை அங்கே கற்றுக்கொண்டு வந்தவர் என்று மிஸ்ஸிகள் சொன்னார்கள். நர்ஸுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மனசு சரியில்லாதவர்களை வடக்கே தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று ஊரில் பேச்சு. அதை நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“உம்மை ஒரு இடமும் அனுப்பப் போறதில்லை. இஞ்ச எங்களோடதான் இருக்கப் போறீர்,” என்றார்.

என்ன வியாதி என்பதையும் விளங்கச் சொன்னார். கவனம் ஓரிடத்தில் நிற்காதது என் பிறவிக் குணம், அதைப் பழக்கத்தால் சமாளிக்கலாம். பயம் அப்படியல்ல. பெரிய பயம் ஒன்றைப் பட்ட மனசுக்கு அது முடிந்துபோனது தெரியாது. அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டால் இன்னும் அந்த நாளிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சந்தோஷமும் சோர்வும் மாறி மாறி வருவதில் பாதி இந்தப் பயத்தின் களைப்புதான். தூங்குவதற்கு மாத்திரை தருவேன், மற்றதெல்லாம் பேச்சுதான் என்றார். பேசுவதற்கு ஆஸ்பத்திரியில் வந்து படுக்கவேண்டுமா என்று என் வீட்டுக்காரர் வெளியே வந்து முணுமுணுத்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அம்மா தவறிப்போய்விட்டார்கள். பாக்கியம் புக்கிட் ரம்பாயில் எங்கள் பெரியப்பா வீட்டில் இருந்துகொண்டு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தாள். பதினாறு முடிந்த பெண். அவளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் வைத்தார்கள். யோசனை சொன்னதே நான்தான். சொன்ன மறுநாளே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மத்தியானம் ஒரு டிரிப் முடிந்து அடுத்த டிரிப்புக்குள் கண்டக்டர் பையோடு ஓடிவருவார். மங்குஸ்தீன் வாங்கிவந்து தானே உடைத்துக் கொடுப்பார். சீருடையில் கறை பட்டுவிடும் என்று பழத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உடைப்பார். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. லீவு நாளிலும் பஸ் ஏறுகிறார் என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் ஒரு நாள் சொன்னது இது: “பாக்கியம் வந்தது நல்லதாப் போச்சு. வீட்டுல ஒரு கொறையும் இல்ல. சோறு நேரத்துக்கு இருக்கு.”

மாத்திரை போட்டும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் இல்லாத வீட்டில் ஒரு குறையும் இல்லையாம். என் கையால் எத்தனை நாள் தீய்ந்த சோறு தின்றிருப்பார் என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ரத்தினம் என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போய் வாய் பேசாமல் கிடந்தவள், என்னிடம் மட்டும் பேசுவாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் அவள் சித்தி மகளை அவள் புருஷனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது. மூத்தவளுக்குச் சுகமில்லை என்றால் வீட்டிலேயே இருக்கிற தங்கையை இரண்டாவதாகக் கொடுத்துவிடுவது பெரியவர்களுக்குச் சுலபமான வழி. பிள்ளைக்கும் அந்நியக் கை வேண்டாம், சீரும் வேண்டாம். அதனால் என் பயத்தை வெறும் கோளாறு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். என் வீடும் புருஷனும் பிள்ளையும் அப்படியே பாக்கியத்தின் கைக்குப் போய்விடும் என்று நான் பயந்தது நடக்கக்கூடிய காரியம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் என்னைப் பார்க்க வந்தாள். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அமுதாவைச் சிட்டி அக்காவிடம் விட்டிருந்தாள். அவள் வாசலில் நுழையும்போதே பார்த்துவிட்டேன். என் சேலை. கத்தரிப்பூக் கலரில் பச்சைக் கரை வைத்தது. அமுதா பிறந்த வருஷம் தீபாவளிக்கு இவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதுவும் கசங்கி, தோள் பக்கம் பால் கறையோடு, துவைத்துப் பல நாள் ஆனதுபோல் இருந்தது. எடுத்ததுதான் எடுத்தாள், துவைத்தாவது கட்டக்கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ரசம் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள். பசியில்லை என்று மூடிவைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் என் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டு முகம் வாடிப் போய்விட்டாள்.

அவள் போனதும் ரத்தினம் சுவர்ப்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: “சேலையக் கட்டியாச்சா? அடுத்து தாலிதான்.”

அதுவரை டாக்டரம்மா அறையில் நான் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அவர் ஏதாவது கேட்பார், நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் அவசரப்படமாட்டார். மறுநாள் போன உடனே கொட்டித் தீர்த்துவிட்டேன். பாக்கியத்தின் கை மணம், தலைப் பின்னல், வயசு, சேலை, தீயாத சோறு, ஒன்றையும் விடவில்லை. கூடப்பிறந்தவளை அப்படி நினைக்கக்கூடாது என்று புத்தி சொல்லுவார், திருப்பிச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

“பாக்கியத்தில இந்த எரிச்சல் உமக்கு எப்ப துவங்கினது?” என்று மட்டும் கேட்டார்.

அவள் பிறந்த அன்றைக்கு என்று வேடிக்கையாகச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்துவிட்டது. மூக்கில் ஈர விறகு வாடை அடித்தது. கை வியர்த்தது.

அன்று தொடங்கியதுதான் உண்மையான வைத்தியம். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொல்லுவார். மேசை விளிம்பைப் பிடிக்கச் சொல்லுவார். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும். வியர்வை வந்தால் நிறுத்திவிட்டு, இப்போது இந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். காற்றாடி, நாற்காலி, மரம், டாக்டரம்மா. மூச்சு இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி. புண்ணில் ஒட்டிய துணியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிரிப்போமே, அந்த மாதிரி. சில நாள் இரண்டு வாக்கியம்தான் நகரும். வார்டுக்குத் திரும்பினால் மலை ஏறி இறங்கிய அலுப்பாக இருக்கும்.

நான் சொன்னது இதுதான். ஜப்பான்காரன் காலம். எனக்குப் பன்னிரண்டு வயசு. வயசுக்கு வரும் பருவத்துப் பெண்களைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே நடுங்கியது. அம்மா என் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அப்பா சமையலறையில் விறகைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கி, நடுவில் நான் குந்தி உட்கார இடம் விட்டுவைத்தார். பூட்ஸ் சத்தம் கேட்டால் நான் அதற்குள் போய்விடவேண்டும். இருட்டு. எறும்பு கடிக்கும். இருமக்கூடாது. பாக்கியத்துக்கு அப்போது மூன்று வயசு, அவளுக்கு ஒளியவேண்டிய அவசியமில்லை. நான் விறகுக்குப் பின்னால் இருக்கும்போதெல்லாம் அவள் அம்மா இடுப்பில் இருப்பாள். அவளை அம்மா தட்டிக்கொடுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்த அன்றும் நான் உள்ளேதான் இருந்தேன். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அம்மா அழுதார்கள். அப்பாவின் குரல் விறகுக்கு ஓர் அடி தூரத்தில் கேட்டது: “பாக்கியம், அப்பாவுக்கு ஒரு முத்தம் குடு.” பிறகு பூட்ஸ் சத்தம் வாசல் தாண்டிப் போனது. அம்மா விறகைத் தள்ளி என்னை வெளியே எடுத்தபோது வீட்டில் அப்பா இல்லை. அவர் சயாமிலிருந்து திரும்பி வரவும் இல்லை.

இதைச் சொல்லி முடித்த அன்று டாக்டரம்மா அறையில் நான் கத்தினேன். அவளுக்கு முத்தம் கிடைத்தது, எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை, என்னை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று மேசையை அடித்தேன். மிஸ்ஸி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா கையசைத்து அவரைப் போகச் சொன்னார். நான் மூக்கைச் சிந்தி ஓய்ந்த பிறகு கேட்டார்:

“அவர் அந்த விறகுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தா என்ன நடந்திருக்கும், பிள்ளை?”

அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

“அவனுங்களும் பாத்திருப்பானுங்க,” என்றேன்.

அப்பா ஓர் அடி தூரத்தில் நின்று பார்க்காமல் போயிருக்கிறார். பிள்ளை பெற்றவள் நான், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்று அழுத அழுகை வேறு மாதிரி அழுகை. மார் அடைக்கவில்லை. அழுது முடித்ததும் பசித்தது.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான். தீரவில்லை. என் சேலை இன்னும் பாக்கியத்தின் உடம்பில்தானே இருந்தது. டாக்டரம்மாவிடமே அதற்கு வழி கேட்டேன். நீரே அவளிடம் கேளும், அவள் சொல்லும்வரை குறுக்கே பேசாமல் இரும் என்றார். மனசுக்குள் புழுங்குவது எனக்குப் பழக்கம். நேரே கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அடுத்த முறையும் அதே சேலையில்தான் வந்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் அப்பாவைப் பற்றித்தான் வாயில் வந்தது. அன்றைக்கு அப்பா முத்தம் வாங்கிக்கொண்டு போனாரே, உனக்கு எப்படி இருந்தது என்றேன்.

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. அப்பா மொகமே தெரியாது. அம்மா சொல்லித்தான் முத்தம் குடுத்தது தெரியும்.” என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “அப்பா கொரலு எப்படி இருக்கும்?” என்றாள்.

பதின்மூன்று வருஷமாக நான் எதற்காக எரிந்துகொண்டிருந்தேனோ அது அவளிடம் இல்லவே இல்லை. லேசாகக் கரகரக்கும், பேச்சு ஆரம்பிக்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார், உன் பெயரைச் சொல்லும்போது கடைசியில் இழுப்பார் என்று சொன்னேன். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருப்பதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தத் தைரியத்தில் சேலையைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அமுதா முதல் வாரம் முழுக்கத் தொட்டிலிலும் தூங்கவில்லை, மடியிலும் தூங்கவில்லையாம். தோளில் போட்டால் கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வீறிட்டு அழுவாளாம். அழுக்குத் துணிக் கூடையில் நான் அவிழ்த்துப் போட்டிருந்த இந்தச் சேலையை ஒரு நாள் எடுத்து உடுத்திக்கொண்டு தூக்கியிருக்கிறாள். பிள்ளை முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டதாம். அதற்குப் பிறகு பாக்கியம் இதை மாற்றவும் இல்லை, துவைக்கவும் இல்லை. துவைத்தால் என் வாடை போய்விடும் என்று பயம். தெருவில் பார்க்கிறவர்கள் மூக்கைச் சுளித்தாலும் அதையே கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதாவது மாற்றிக்கொண்டு வரக்கூடாதா என்றேன். திரும்பிப் போன உடனே பிள்ளையைத் தூக்கவேண்டும், அதற்குள் வேறு சேலையின் வாடை உடம்பில் ஏறிவிடும் என்றாள்.

இரண்டாவது கல்யாணப் பேச்சையும் அவளே எடுத்தாள். நான் பயந்தபடியே பெரியப்பா வந்து இவரிடம் கேட்டிருக்கிறார்.

“அத்தான் சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. பதில் சொல்லாம எந்திரிச்சிக் கை கழுவிட்டுப் போயிட்டாரு. நாந்தான் சொன்னேன், அக்கா உசுரோட இருக்கா பெரியப்பா, அவ வீட்டுல அவளுக்குத்தான் எடம்னு.”

அன்று அவள் கொண்டுவந்த ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மிளகு கண்ணில் நீரை வரவழைத்தது. மிளகுதான் என்று அவளிடம் சொன்னேன்.

டாக்டரம்மா என்னை வீட்டுக்கு அனுப்பும்போது வாரம் ஒருமுறை வந்து பேசவேண்டும் என்றார். உலை வைத்தால் அடுப்பங்கரையை விட்டு நகராமல் அங்கேயே ஒரு கைவேலை வைத்துக்கொள்ளும், பூட்ஸ் சத்தம் கேட்டால் பாதத்தைத் தரையில் ஊன்றிக் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லும் என்பவைதான் எனக்குக் கொடுத்த மருந்துகள். ரத்தினம் தன் சீப்பை எனக்குக் கொடுத்தாள். நல்லபடியாய்ப் போ என்று சொல்லவில்லை. அவளுக்குத் திரும்பிப்போக வீடு இல்லை. அன்று நான் அவளைத் தாண்டி நடந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

வீட்டில் என் வீட்டுக்காரர் விறகைச் சுவரோடு ஒட்டி, இடையில் கை நுழைய இடமில்லாமல் அடுக்கிவைத்திருந்தார். அமுதா பாக்கியத்தின் தோளில் இருந்தாள். கையை நீட்டினேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிப் பாக்கியத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷம் என் உடம்பு பற்றி எரிந்தது. பாதத்தைத் தரையில் ஊன்றினேன். சுவர், அடுப்பு, விறகு, பாக்கியம் என்று மனசுக்குள் சொன்னேன்.

பாக்கியம் பிள்ளையை இறக்கிவிட்டு உள்ளே போனாள். தன் பழைய பாவாடை தாவணியில் வெளியே வந்து சேலையை என்னிடம் நீட்டினாள். கட்டிக்கொண்டேன். தேங்காயெண்ணெயும் அவள் வியர்வையும் புளித்த பாலும் கலந்து அடித்தது. என் வாடை அதில் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அமுதா சேலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மெதுவாக வந்து முந்தானையைப் பிடித்தாள். தூக்கினேன். முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவள் தேடிவந்தது என்னையா பாக்கியத்தையா என்ற சந்தேகம் இன்னும் எனக்கு இருக்கிறது. வாராவாரம் டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்பார்.

ஒரு மாதம் கழித்துப் பாக்கியம் புக்கிட் ரம்பாய்க்குக் கிளம்பினாள். அவளுக்கென்று புதுச் சேலை எடுத்துவைத்திருந்தேன், நல்ல ரோஸ் கலர். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் போகாமல் வாசலிலேயே நின்றாள். என்ன என்றேன்.

“அந்தக் கத்தரிப்பூச் சேலையக் குடுக்கிறியாக்கா? அதுல அமுதா வாடை இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு உள்ளே போய்க் கத்தரியை எடுத்தேன். சேலையைத் தரையில் விரித்து நடுவில் மடித்து வெட்டினேன். ஒரு பாதியைச் சுருட்டி அவள் பையில் வைத்தேன். அவள் அதை மாரோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த பஸ் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையசைத்தேன்.

முந்தானை இருந்த பாதியை நான் வைத்துக்கொண்டேன்.